வார் ரூமா, வார்டா? அடுத்த தொற்றுக்கு எதை நம்புவது

மிக்ஜாம் வெள்ளம் வடிந்த பிறகு, சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில் ஓர் அவசரகாலத் திட்டம் எழுதுவதென்று முடிவானது. வெள்ளத்துக்கும் தொற்றுக்கும் பொதுவான திட்டம். உடனே இரண்டு கட்சிகள் உருவாயின. நகராட்சியின் கட்டுப்பாட்டு அறை (கொரோனா காலத்தில் ‘வார் ரூம்’ என்றார்கள்) எண்ணை எல்லா வாசலிலும் ஒட்டிவிடுவோம், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றது ஒன்று. தெருவுக்கு ஒரு பொறுப்பாளர், வார்டுக்கு ஒரு பதிவேடு, முதல் சில மணி நேரத்தை நாமே சமாளிப்போம், பிறகு மேலிடத்தைக் கூப்பிடுவோம் என்றது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி. பேசிப் பேசிச் சங்கமும் கடைசியில் அதைத்தான் எடுத்துக்கொண்டது. ஆகவே இந்த அலசலை நடுநிலை என்று யாரும் நம்ப வேண்டாம்.

கொரோனா காலத்தில் நம் நகரங்கள் இந்த இரண்டையும் நடத்திப் பார்த்துவிட்டன. மைய முறையின் நன்மைகளை விளக்கத் தேவையில்லை: ஒரே எண், ஒரே ஆணை, ஒரே கணக்கு. தட்டுப்பாடான பொருளைப் பங்கிட அதை விட்டால் வேறு வழியும் கிடையாது. 2021 ஏப்ரல் நடுவில் மும்பையில் ஆக்சிஜன் தீரும் நிலை வந்தபோது, ஒரே இரவில் ஆறு மருத்துவமனைகளில் இருந்த 168 நோயாளிகள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். எங்கே எத்தனை மணி நேரத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறது, எங்கே படுக்கை காலி என்று நகரம் முழுவதையும் ஒருசேரப் பார்ப்பவர் இல்லாமல் அது நடந்திருக்காது. அதே ஆண்டு மே மாத அலையில் தமிழகம் ஒருங்கிணைந்த கட்டளை மையத்தை இயக்கியதும் இதற்காகத்தான். பெங்களூரில் அதே மாதம் படுக்கை ஒதுக்கீட்டில் முறைகேடு என்று புகார் கிளம்பிக் காவல்துறை விசாரணை வரை போனது தனிக்கதை. ஒதுக்கீடு சில கைகளில் குவிந்தால் இந்த ஆபத்து கூடவே வரும்.

படுக்கை, ஆக்சிஜன், ஆம்புலன்ஸ் ஆகிய மூன்றும் மையத்திடம்தான் இருக்க வேண்டும். இதில் எனக்கு வாதமே இல்லை. என் வாதம் எல்லாம், படுக்கை யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பற்றியது.

மும்பை அதை எப்படிச் செய்தது என்று பார்க்கலாம். தொடக்கத்தில் அந்த நகரமும் 1916 என்ற ஒரே எண்ணைத்தான் நம்பியிருந்தது. பரிசோதனை முடிவு கைக்கு வந்த எல்லோரும் அந்த ஒரே எண்ணை அழைத்தார்கள். 2020 மே மாதம் இக்பால் சிங் சாஹல் மாநகராட்சி ஆணையராக வந்தபின் அந்த வேலை 24 வார்டுகளுக்கும் பிரிந்தது. ஆய்வக முடிவுகள் வார்டுவாரியாகப் பிரித்து அனுப்பப்பட்டன. வார்டு வார் ரூமில் இருந்த மருத்துவர் தொற்றாளரிடம் பேசினார், தேவைப்பட்டால் வீட்டுக்கே ஆள் போனது, அதன் பிறகுதான் படுக்கை. தாராவி, ஜி நார்த் வார்டில் இருக்கிறது. இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் பல லட்சம் பேர், அவர்களில் தலைமுறைகளுக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய்க் குடியேறிய தமிழர்களும் கணிசம். பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவரிடம் வீட்டிலேயே தனித்திரு என்று சொல்லிப் பயனில்லை. வார்டு நிர்வாகம் கழிப்பறைகளைத் தொடர்ந்து கிருமிநாசினி தெளித்துச் சுத்தம் செய்தது, அப்பகுதியிலேயே தொழில் செய்யும் தனியார் மருத்துவர்களைக் காய்ச்சல் முகாமுக்கு அழைத்தது, பள்ளிகளையும் மண்டபங்களையும் தனிமை மையங்களாக்கியது. 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை உதாரணம் காட்டினார்.

இதைச் சொல்லிச் சென்னையை மட்டம் தட்டுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. சென்னையிலும் 15 மண்டலங்களுக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் பொறுப்பேற்றார்கள், தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் நடந்தது, களப்பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். மும்பை வார்டு ஒன்றில் சராசரியாக ஐந்து லட்சம் பேர், சென்னை மண்டலம் ஒன்றில் சுமார் நான்கரை லட்சம் பேர். அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு அதற்குக் கீழே இருந்தது. மும்பையில் அப்போது 227 கவுன்சிலர்கள் பதவியில் இருந்தார்கள். சென்னையில் 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. தொற்றின் முதல் இரண்டு அலைகளும் வந்து போனபோது 200 வார்டுகளில் ஒன்றில்கூடக் கவுன்சிலர் இல்லை. தெருமுனையில் தகரம் அடித்தபோது, உள்ளே இருப்பவருக்கு மருந்து யார் வாங்கித் தருவது என்று கேட்கப் பெயர் தெரிந்த ஆள் ஒருவர் இல்லாமல் போனதை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எங்கள் சங்கத்தில் தராசைச் சாய்த்தது வேறொரு கேள்வி: பராமரிப்பு. வார் ரூம் அவசரத்தில் பிறக்கிறது, அவசரம் தணிந்தால் கலைகிறது. ஒப்பந்தப் பணியாளர்கள் போய்விடுகிறார்கள், கணினிகள் வேறு துறைக்குப் போகின்றன, பட்டியல் மட்டும் எங்கேயோ ஒரு கோப்பில் அப்படியே கிடக்கிறது. அடுத்த அவசரத்தில் அதைத் திறந்தால் பாதி எண்களில் வேறு யாரோ பேசுகிறார்கள். வாடகை வீடுகள் நிறைந்த புறநகரில் மூன்று மாதம் தொடாத பட்டியல் காகிதத்தின் விலைக்குக்கூடத் தேறாது. முகவரியும் அப்படித்தான். ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருக்கும், ஆள் இங்கே இருப்பார். பெருமாள் கோயில் தெரு என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தப் பெருமாள் என்று மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. எங்கள் பக்கத்திலேயே அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தெருக்கள் உண்டு.

பதிவேட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "முதல் மாடி, அம்மா, 78 வயது. செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். படி குறுகல், ஸ்ட்ரெச்சர் திரும்பாது, நாற்காலியில் உட்காரவைத்துத்தான் இறக்க வேண்டும். சாவி எதிர்வீட்டு அக்காவிடம்." எந்தக் கட்டுப்பாட்டு அறையும் இதை எழுதி வைக்காது. வைத்தாலும், எதிர்வீட்டு அக்கா வீடு மாறியது அதற்குத் தெரியாது. தெருப் பொறுப்பாளருக்கு அன்று மாலையே தெரிந்துவிடும்.

பட்டியலை உயிரோடு வைத்திருக்க ஒரே வழி, அதை ஏதாவது ஒரு காரணத்துக்காக அடிக்கடி பயன்படுத்துவது. இந்த இடத்தில்தான் கேரளத்தை மெச்சுகிறேன். உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்து 1996இல் தொடங்கிய மக்கள் திட்டமிடலுக்குப் பின் அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்கள் பஞ்சாயத்துகளின் பொறுப்புக்கு வந்தன. 2008இல் நோயாளியின் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த் தணிப்புச் சிகிச்சைக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தார்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீடுகளுக்குப் பஞ்சாயத்தின் செவிலியர் போகிறார். யாரால் எழுந்து நடக்க முடியாது என்ற தகவலைப் பேரிடர் நாளில் தேடி அலைய வேண்டியதில்லை, அது ஏற்கெனவே வார்டில் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்களும் சமுதாயச் சமையலறைகளைச் சில நாட்களில் திறக்க முடிந்ததற்கும் இந்தப் பழக்கமே காரணம் என்பது என் கணிப்பு. ஆனால் 2021 நடுவில் நாட்டிலேயே அதிகத் தொற்று பதிவானதும் கேரளத்தில்தான். வார்டுக் குழு இருந்தால் கிருமி நின்றுவிடாது. யாரும் பட்டினி கிடக்காமலும், கவனிப்பாரின்றிக் கிடக்காமலும் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

தமிழகத்திலும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் பெண் தன்னார்வலர்கள் வைத்திருப்பது. மாத்திரை போய்ச் சேர வேண்டும் என்பதால் அது தானாகவே திருந்திக்கொண்டே இருக்கும். எங்கள் பகுதிக்கு வருபவரிடம் கேட்டோம். பட்டியலைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார், அது சரியும்கூட. "நான் போகிற வீடுகளில் சொல்லி வைக்கிறேன், விருப்பம் உள்ளவர்கள் உங்கள் நோட்டில் பெயர் தரட்டும்" என்றார். பதிவேட்டில் பாதி அப்படி வந்து சேர்ந்தது.

எங்கள் ஏற்பாடு இதுவரை மழையைத்தான் பார்த்திருக்கிறது, தொற்றைப் பார்க்கவில்லை. தொற்றுக் காலத்தில் தெரு இரக்கமற்றதாகவும் ஆகலாம். 2020இல் வாசலில் நோட்டீஸ் ஒட்டியதும் பால்காரர்கூட வராத வீடுகள் உண்டு. அப்போது முகம் தெரியாத கட்டுப்பாட்டு அறையே மேல் என்று தோன்றியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதனால் எங்கள் பதிவேட்டில் நோயின் பெயர் இல்லை. டயாலிசிஸ், ஆக்சிஜன், சக்கர நாற்காலி என்று உதவியின் தேவை மட்டும்தான். அதையும் தெருப் பொறுப்பாளரும் செயலாளரும் தவிர யாரும் பார்ப்பதில்லை. கவுன்சிலரின் கட்சிக்காரர்களுக்கு முதல் சலுகை போய்விடும் என்ற பயமும் பொய்யில்லை. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் பகுதி சபாவில் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்கலாம் என்பதுதான் இப்போதைக்கு உள்ள பிடி.

சட்டத்தின் போக்கு எங்கள் பக்கம் இல்லை. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர் என்றாலும், உள்ளாட்சியின் மக்கள் பிரதிநிதி இணைத்தலைவர். 2025இல் வந்த திருத்தம் மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் நகர்ப்புற ஆணையம் அமைக்க வழி செய்து, தலைமையை மாநகராட்சி ஆணையரிடம் கொடுத்திருக்கிறது. ஆணையர்கள் மாறுவார்கள். வார்டில் குடியிருப்பவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள்.

யாருக்கு எது என்று கேட்டால்: நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட புது அடுக்ககம், பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது என்றால், மைய எண்ணோடு தொடங்குங்கள், அதுவாவது வேலை செய்யும். தனி வீடுகளும் வாடகைக் குடித்தனங்களும் கலந்த பழைய தெருக்கள் என்றால் வார்டுதான். பதிவேட்டைத் தொடங்கும் முன், ஒவ்வொரு மாதமும் அதைத் திருத்தப் போகிறவர் யார் என்று பெயர் குறித்துவிடுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் நோட்டுப் புத்தகம் வாங்கும் செலவு வீண், கட்டுப்பாட்டு அறை எண்ணையே ஒட்டிவிடலாம்.