மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும்

பாம்பன் தீவும் இராமர் பாலத்து மணல்திட்டுகளும் பிரிக்கும் இவ்விரு கடல்களுள், தெற்கிலுள்ள மன்னார் வளைகுடா இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்து ஆழங்கொள்ள, வடக்கிலுள்ள பாக் விரிகுடா நிலத்தால் சூழப்பட்டு, பெரும்பகுதி பதினைந்து மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையதாய், வண்டல் படிந்து கிடக்கிறது.

தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் பெரிதும் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இந்நிலை தலைகீழாகும்.

பவளப்பாறைகளுக்கு மன்னாரே சிறந்தது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள அதன் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. ஆனால், அலை தணிந்த ஆழமற்ற நீரில் ஒளி தரையைத் தொடுவதால் கடற்புல் செழிக்கும் பாக் விரிகுடாவையே, ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் மேய்ச்சல் நிலமாக நான் முதன்மைப்படுத்துவேன். அங்கே 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. எனினும், அடித்தரையை உழும் இழுவலைகள் அப்புல்வெளிகளை இன்றும் சிதைக்கின்றன.