ஆர்டிஇ சேர்க்கை: நான்கு வருட அனுபவம்

என் மகளுக்கு 2022-ல் ஆர்டிஇ மூலம் எல்கேஜி சீட் கிடைத்தது, இப்போது இரண்டாம் வகுப்பு. அடுத்து விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன், குறைந்த இரண்டும் அரசுப் பணம் பள்ளிக்கு நேரத்துக்கு வராததற்காக.

தெரியாதவர்களுக்கு: ஆர்டிஇ என்பது இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009. அதன் பிரிவு 12(1)(சி)படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும், எட்டாம் வகுப்பு வரை கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கொடுத்துவிடும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது கிடையாது, அங்கே போய் அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளியாக இருக்க வேண்டும்.

விண்ணப்பம் சுலபம், காசும் இல்லை. வருமானச் சான்றுதான் இழுக்கும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்த பிறகு விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக நகர வேண்டும், அதனால் மார்ச்சிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குலுக்கல் நாளை மறக்க முடியாது. பத்து இடம், முப்பத்தொரு பெயர். எங்கள் கண் முன்னாலேயே சீட்டுகளை மடித்து ஒரு எவர்சில்வர் குண்டானில் போட்டு, பெரிய வகுப்புப் பையன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எட்டுப் பெயர் வாசித்து முடித்தபோது என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், ஒன்பதாவது எங்கள் பிள்ளை பெயர். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கடைசி வரை நின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

படிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆசிரியர்கள் பிள்ளையைப் பிரித்துப் பார்ப்பதில்லை, அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் ஜூன் வந்தால் புத்தகம், யூனிஃபார்ம், ஸ்மார்ட் கிளாஸ், இன்னும் என்னென்னவோ தலைப்பில் ஒரு தாள் கொடுப்பார்கள். போன வருடம் கேட்டே விட்டேன், இலவச இடம்தானே சார் என்று. "அரசாங்கத்திலிருந்து பழைய பாக்கியே வரலைங்க, டீச்சருக்குச் சம்பளம் எதிலிருந்து கொடுக்கறது?" என்றார் தாளாளர். அவர் சொல்வதும் கொஞ்சம் உண்மைதான். அதற்காக அந்தப் பாக்கியை என் தலையில் கட்டுவது சரியில்லை, நான் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவன்.

சட்டப்படி ஒரு பிள்ளைக்கு அரசு தான் செலவிடும் தொகை, பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைத்தான் கொடுக்கும். அதுவும் பிள்ளை படித்து முடித்த வருடத்துக்குப் பிறகுதான் மெல்ல வரும். இதில் பெரிய பள்ளி சமாளித்துக்கொள்ளும், நூறு இருநூறு பிள்ளைகளை வைத்து நடத்தும் நர்சரி பள்ளி திணறிப்போகும்.

2025-ல் நடந்தது இன்னும் மோசம். புதிய கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு 2024-25க்கான சமக்ர சிக்ஷா (பள்ளிக் கல்விக்கு ஒன்றிய அரசு தரும் நிதி) பணம் 2,152 கோடியை நிறுத்திவைத்தது, ஆர்டிஇ பங்கும் அதற்குள்தான் இருக்கிறது. வழக்கமாக ஏப்ரலில் திறக்கும் விண்ணப்பம் திறக்கவேயில்லை. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஆர்டிஇ பணத்தைப் புதிய கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்றது, பணம் வரவில்லை என்று மாநில அரசும் கை விரிக்க முடியாது என்றது. சேர்க்கை தொடங்கியது அக்டோபரில். கல்வி ஆண்டில் பாதி போய்விட்டது! என் தங்கை அதற்குள் கம்மலை அடகு வைத்து மகனுக்கு ஃபீஸ் கட்டிச் சேர்த்துவிட்டாள். டெல்லியும் சென்னையும் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதற்கு அவள் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

விண்ணப்பியுங்கள், தயங்க வேண்டாம். குலுக்கலுக்கு நேரில் போய் நில்லுங்கள். பள்ளியில் எதற்குப் பணம் கேட்டாலும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள், வட்டாரக் கல்வி அலுவலரிடம் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். நான் முதல் இரண்டு வருட ரசீதை வாங்காமல் விட்டுவிட்டேன்.