பழைய ஐந்து தந்தி பேஸ் கிட்டாரை விற்கப் போகிறீர்களா? முதலில் உட்புறத்தைப் படம் எடுத்து வையுங்கள்

பழைய பேஸ் கிட்டாரை இன்னொரு கலைஞருக்கு விற்க நினைப்பவர்கள், கருவியைக் கைமாற்றுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறிய பிறகு நிதானமாக எழுதலாம் என்று காத்திருந்தால் அதற்குள் இன்னொருவர் ஏமாந்துவிடுவார்.

என்னிடம் இருந்தது 1966ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஃபெண்டர் பேஸ் ஃபைவ். ஐந்து தந்தி என்றதும் இன்று வாசிக்கிறவர்கள் கீழே, அதாவது தாழ்ந்த சுரமாக, ஒரு பி தந்தி இருக்கும் என்றுதான் நினைக்கிறார்கள். அந்த வழக்கம் பின்னால் வந்தது. அலெம்பிக் நிறுவனம் பேஸ் வாசிப்பாளர் ஜிம்மி ஜான்சனுக்காகக் கீழ் பி தந்தியுடன் ஒரு பேஸ் செய்து கொடுத்தது 1976இல். மியூசிக் மேன் ஸ்டிங்ரே ஃபைவ் வந்தது 1987இல். ஃபெண்டர் 1965இல் பேஸ் ஃபைவை வெளியிட்டபோது ஐந்தாவது தந்தியை மேலே சேர்த்தது: ஈ, ஏ, டி, ஜி, அதற்கு மேல் சி. அதனால்தான் அதன் கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் என்ற உலோகக் கம்பிகள் பதினைந்தே. நான்கு தந்தி பிரெசிஷன் பேஸில் ஜி தந்தியின் 20ஆம் ஃபிரெட்டில் வரும் சுரம் இதில் சி தந்தியின் 15ஆம் ஃபிரெட்டிலேயே வந்துவிடும். அழகான யோசனை. ஆனால் வாங்க ஆளில்லை, 1970இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே இருப்பவை கொஞ்சம். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் போன்ற அவற்றின் பாகங்களும் மற்ற பேஸ்களில் இருந்து எடுத்துப் பொருத்தக் கிடைப்பவை அல்ல. எனக்கு நேர்ந்ததற்கெல்லாம் வேர் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது.

இருபத்திரண்டு ஆண்டுகள் அதை வாசித்தேன். இடக்கை விரல் மூட்டுகளில் வலி வந்து, முழுநீள பேஸை வாசிப்பது முடியாத காரியமாகிவிட்டது. பெட்டிக்குள் பூட்டி வைப்பதைவிட வாசிக்கிற ஒருவர் கையில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். வியாபாரிகளிடம் போகவில்லை. தெரிந்த வாசிப்பாளர்களிடம் மட்டும் சொல்லி வைத்தேன். நம் ஆட்கள் என்ற நம்பிக்கை.

அப்படிக் கேள்விப்பட்டு ஒரு வாசிப்பாளர் தொலைபேசியில் அழைத்தபோது முதல் ஐந்து நிமிடங்களிலேயே எனக்கு மனம் நிறைந்துவிட்டது. விலையைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. நெக் என்ற கழுத்துப் பகுதி எப்போதாவது கழற்றப்பட்டதா, அடியில் முத்திரையிட்ட தேதி தெளிவாக இருக்கிறதா, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் இன்னும் இரு பக்கமும் திரும்புகிறதா, தந்தியை முறுக்கும் ட்யூனிங் கீகள் ஐந்தும் அசலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் நண்பர் ஒருவருடன் மேடையேறியவர் என்று தெரிந்ததும் "அண்ணா" என்றே அழைக்கத் தொடங்கினார். பேச்சின் முடிவில் ஒரு கேள்வி கேட்டார்:

"உள்ளே எப்போதாவது திறந்து படம் எடுத்திருக்கிறீர்களா அண்ணா?"

இல்லை என்றேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு பழுதுபார்ப்பவர் கேபிள் செருகும் ஜாக்கை மாற்றிக் கொடுத்தார். அப்போது திறந்ததோடு சரி என்றும் சொன்னேன்.

"நல்லது, திறக்காதீர்கள். பழைய திருகுகள், ஒருமுறை வழுக்கிவிட்டால் போயிற்று. மரமும் விட்டுக்கொடுத்துவிடும்" என்றார்.

எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். இன்று அந்தக் கேள்வியை நினைத்தால் வயிறு எரிகிறது. கருவியின் மேல் அக்கறை கொண்டு கேட்ட கேள்வி அது இல்லை. உள்ளே என்ன இருந்தது என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இருக்கிறதா என்று அவர் உறுதிப்படுத்திக்கொண்ட இடம் அது. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயம்தான் உங்கள் நினைவில் நிற்கும் என்றால் அது இந்தக் கேள்வியாக இருக்கட்டும்.

கச்சேரிகள் இருப்பதாகச் சொல்லி மூன்று வாரம் அவகாசம் கேட்டார். அதன் பிறகு வந்தார், அரை மணி நேரம் வாசித்தார், முழுத் தொகையையும் அங்கேயே என் கணக்குக்கு அனுப்பினார். பணம் வந்து சேர்ந்ததை உறுதி செய்துகொண்டுதான் பெட்டியைக் கொடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: குழுவோடு ஒத்திகை பார்த்துவிட்டு, ஒத்துவரவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாமா? முழுப் பணத்தையும் கையில் வாங்கிக்கொண்டவன் இதை எப்படி மறுப்பது? சரி என்றேன்.

ஆறாம் நாள் திரும்பி வந்தார். "எங்கள் பாட்டுகளுக்குக் கீழ் பி இல்லாமல் சரிவரவில்லை அண்ணா, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். இதில் பி தந்தி இல்லை என்பதை முதல் நாளே நான் விளக்கியிருக்கிறேன். எனக்கு முன்பே அவருக்கு அது தெரிந்தும் இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து முன்னும் பின்னும் பார்த்தேன். கீறல் இல்லை. துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். அன்றிரவே பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒன்றை மட்டும் அன்று கவனித்தேன். அதில் போட்டிருந்தவை தட்டையான கம்பி சுற்றிய பழைய ஃபிளாட்வவுண்ட் தந்திகள். கீயில் மூன்று சுற்று வரும்படி நானே சுற்றியவை. திரும்பி வந்தபோது சி தந்தி இரண்டே சுற்றில் நின்றது. முன்பு வளைந்திருந்த முனை நேராக்கப்பட்டு, அதிலிருந்து அரை விரல் தள்ளி புதிதாக ஒரு வளைவு தெரிந்தது. சுருதி சேர்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன். சுருதி சேர்க்க யாரும் தந்தியைக் கழற்ற மாட்டார்கள். தந்தியை முழுவதுமாகத் தளர்த்தி ஒதுக்கினால்தான் பிக்கப்பை வெளியே எடுக்க முடியும்.

அடுத்து கேட்டவர் ஒரு பெண்மணி, முப்பது வருடமாக வாசிப்பவர். கையோடு சின்ன டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும் மல்டிமீட்டரும் கொண்டுவந்திருந்தார். ஆம்பில் செருகிப் பத்து நிமிடம் வாசித்துவிட்டு நிறுத்தினார். "ஒலி வயதுக்கு ஏற்றதாக இல்லையே. திறந்து பார்க்கலாமா?" என்று கேட்டார்.

எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இருந்தாலும் திறக்கச் சொன்னேன். ஒரு திருகின் தலையை டார்ச் வெளிச்சத்தில் எனக்குக் காட்டினார். அறுபது வருட அழுக்கும் மங்கலும் ஏறிய திருகில், பிளவின் ஓரம் மட்டும் புது உலோகமாகப் பளிச்சென்று இருந்தது. அண்மையில் யாரோ திருகியிருக்கிறார்கள். மேல் தகட்டைத் தூக்கியதும் அவர் எதுவும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. துணி சுற்றிய கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிகள். பழைய ஈயப்பற்று சாம்பல் பூத்து மங்கிக் கிடக்கும். இவை கண்ணாடித் துளி போல மின்னின. ஒலியின் அளவையும் தன்மையையும் திருகி மாற்றும் பாகங்களான பாட்களில், அந்தக் காலத்தவற்றின் உலோக உடம்பில் ஓர் எண் அச்சாகியிருக்கும்: முதல் மூன்று இலக்கம் செய்த நிறுவனம், பிறகு ஆண்டு, பிறகு வாரம். 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். ஜாக் மாற்றிய அன்று பழுதுபார்ப்பவர் என் காதுபட வாசித்தது 1376612. அதாவது சி.டி.எஸ்., 1966, பன்னிரண்டாவது வாரம். இப்போது அங்கே இருந்த இரண்டு பாட்களிலும் அப்படி ஓர் எண் இல்லை.

பிக்கப்பின் வெளி மூடிகள் மட்டும் என்னுடையவை. என் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த பளபளப்பு அப்படியே இருந்தது. உள்ளே இருந்தவை புதிதாகச் சுற்றிய சுருள்கள். பழைய மூடியைக் கழற்றிப் புதியதன் மேல் போட்டிருக்கிறார். இந்த பேஸுக்கு அளவாகச் சுருள் சுற்றி வாங்கும் வேலை ஆறு நாளில் நடந்திருக்காது. அந்த மூன்று வார அவகாசம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. "எங்கேயோ இன்னொரு பேஸ் ஃபைவ் பிக்கப் செத்துப்போய்க் கிடந்திருக்கிறது. உங்களுடையது இப்போது அதில் இருக்கும்" என்றார் அந்த அம்மா.

பேஸைத் திருப்பிக் கொடுத்தவருக்கு அழைத்துக் கேட்டேன். முதலில், "என்ன அண்ணா சொல்கிறீர்கள்?" பிறகு, "நீங்கள் கொடுத்தபோதே அப்படித்தான் இருந்தது." அதற்குப் பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார். பொதுவான நண்பர்களிடம் சொன்னேன். "அவன் அப்படிப்பட்டவன் இல்லையே, உங்கள் ரிப்பேர்காரர் அன்றே மாற்றியிருப்பாரோ?" என்றார்கள். அது எனக்கு இன்னொரு அடி. அந்தப் பழுதுபார்ப்பவர் இப்போது உயிரோடு இல்லை. ஒரு பைசா கூட அதிகம் வாங்காத மனிதர். தம் தரப்பைச் சொல்ல வர முடியாத ஒருவர் மேல் பழி போவதற்கு, நான் படம் எடுத்து வைக்காததும் ஒரு காரணமாகிவிட்டது. வழக்கறிஞரான நண்பர் கேட்டதும் அதே கேள்விதான்: முன்பு உள்ளே என்ன இருந்தது என்பதற்கு உன்னிடம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திருகு வழுக்கிவிடும் என்று யார் பயமுறுத்தினாலும், சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரோடு நிதானமாகத் திறந்தால் ஒன்றும் ஆகாது. பயமாக இருந்தால் நம்பகமான பழுதுபார்ப்பவரை வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். பாட்களின் எண், ஒவ்வொரு ஈயப்பற்று, கம்பிகள், பிக்கப்பின் அடிப்புறம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் படம் எடுங்கள். சில படங்களிலாவது உங்கள் கருவியின் உடலுக்கே உரிய ஏதோ ஓர் அடையாளம், ஒரு பழைய கீறலோ வண்ணம் உதிர்ந்த இடமோ, சேர்ந்து தெரிய வேண்டும். பாட் மட்டும் தனியாகத் தெரியும் படத்தை வைத்துக்கொண்டு அது எந்தக் கருவிக்குள் இருந்தது என்று நிரூபிக்க முடியாது. பிக்கப்பின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்து குறித்து வையுங்கள். சுருள் மாறினால் பெரும்பாலும் அந்த எண்ணும் மாறும். ஆனால் அறையின் வெப்பநிலையைப் பொறுத்தும் அது கொஞ்சம் ஏறி இறங்கும் என்பதால், அதை மட்டும் நம்பி யார் மேலும் குற்றம் சாட்டிவிடாதீர்கள்.

வாசித்துப் பார்க்க எவ்வளவு நேரம் கேட்டாலும் கொடுங்கள், உங்கள் கண் முன்னால். குழுவையே கூட்டிவரட்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்த்தான் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டு நீங்களும் ஒப்புக்கொண்டால், கொடுக்கும்போது இருவரும் சேர்ந்து திறந்து பாருங்கள். திரும்பி வந்ததும் மறுபடி சேர்ந்து திறந்து பாருங்கள். அதற்குப் பிறகு பணம் திரும்பிப் போகட்டும். நான் சறுக்கிய இடம் இதுதான். பணம் வாங்கும்போது அவ்வளவு எச்சரிக்கையாக இருந்தேன். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. திறந்து பார்ப்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளும் வாசிப்பாளர் யாரும் இருக்க மாட்டார். அந்தப் பெண்மணி கேட்டபோது எனக்கு வந்த மனத்தாங்கல் தவறு என்று இப்போது தெரிகிறது.

பேஸை அவரே வாங்கிக்கொண்டார். மாற்றப்பட்ட பாகங்களை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். விலையைப் பெருமளவு குறைத்தேன். நெக்கும் உடலும் அசல், அதுவே போதும் என்றார்.

யாராவது பேஸ் ஃபைவ் பிக்கப்பும் பாட்களும் தனியாக விற்க முன்வந்தாலோ, அண்மையில் உயிர்பெற்ற ஒரு பேஸ் ஃபைவை விற்க வந்தாலோ, தயவுசெய்து திறந்து பாருங்கள். பாட்டின் எண் 1376612. ஜாக்குக்குப் போகும் வெள்ளைத் துணிக் கம்பியில், முனையிலிருந்து சுமார் இரண்டு விரல் தள்ளி, பற்றவைக்கும் கோல் பட்டுக் கருகிய ஒரு தழும்பு இருக்கும். நெல் மணி அளவுதான். அன்று அந்த மனிதர் "கை தவறிவிட்டது" என்று வருத்தப்பட்டு எனக்குக் காட்டியது. கண்ணில் பட்டால் எனக்குத் தெரிவியுங்கள்.