மொழி வழியா, மண் வழியா?

ஆக்ஸ்ஃபோர்டில் பண்டைய கிரேக்கத்தையும் ரோமையும் படிக்கப் போகிறவர்கள் முதலில் திணறுவது எந்தப் படிப்பில் சேர்வது என்பதில்தான். 'லிட்டரே ஹியூமேனியோரிஸ்' என்ற பழைய கிளாசிக்ஸ் படிப்பு, அதாவது கிரேக்க, லத்தீன் மொழிகளை மையமாகக் கொண்டது, நான்கு வருடம். தொல்லியலும் பண்டைய வரலாறும் சேர்ந்த படிப்பு மூன்று வருடம்.

இரண்டாவதில் கிரேக்கமோ லத்தீனோ கட்டாயமில்லை, நூல்களை மொழிபெயர்ப்பிலேயே படித்துவிடலாம். முதல் வருட முடிவில் அகழாய்வுக் களத்தில் இரண்டு வாரம் மண்ணைக் கிளற வேண்டும். மண் என்ன சொல்லும் என்று கேட்பவர்களுக்கு நம் அரிக்கமேடே பதில். 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்திலிருக்கும் அந்த ஊரில் தோண்டியபோது, இத்தாலியிலிருந்து வந்த செந்நிற மண்கலத் துண்டுகள் கிடைத்தன. சிலவற்றில் குயவரின் முத்திரையும் இருந்தது. அந்த ஊரின் காலத்தைக் கணிக்க அவருக்கு அந்த ஓடுகள்தான் கைகொடுத்தன.

கிளாசிக்ஸில் மொழிதான் உயிர். இரண்டு மொழியும் தெரியாமலும் சேரலாம், அங்கேயே சொல்லித் தருவார்கள். ஆனால் ஐந்தாவது பருவ முடிவில் வரும் 'மாட்ஸ்' என்ற முதல் பெரிய பல்கலைக்கழகத் தேர்வுக்குள் மூலநூலைப் படிக்கும் அளவுக்குத் தேற வேண்டும். வேர்ச்சொல், விகுதி என்று ராத்திரி பகலாக உருப்போட வேண்டியிருக்கும்.

அவ்வளவு பாடுபடுவதற்குப் பலன் உண்டா? ரோமானியக் கவி வர்ஜிலின் லத்தீன் காவியமான 'ஈனியட்' தொடங்கும் மூன்று சொற்களைப் பாருங்கள்: 'ஆர்மா விரும்க்வே கானோ'. படைக்கலங்களையும் ஆடவனையும் பாடுகிறேன். 'க்வே' நம் 'உம்' மாதிரியே சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. 'நான்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, 'கானோ'வின் விகுதியிலேயே அது இருக்கிறது. வினை கடைசியில். ஆங்கிலத்தில் இந்த வரிசையைக் காப்பாற்றுவது பெரும்பாடு, தமிழில் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. வேற்றுமை உருபோடு வளர்ந்த நமக்கு லத்தீன் அவ்வளவு அந்நியமில்லை.

அதனால் என் ஓட்டு மொழிக்கு. கூடுதலாக ஒரு வருடச் செலவு, அது சின்ன விஷயமில்லை. கையில் மூன்று வருடத்துக்குத்தான் பணம் என்றால் தொல்லியலை எடுங்கள், விருப்பப் பாடமாகக் கிரேக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முசிறியிலிருந்து கப்பலில் போன சரக்கைப் பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. அது கிரேக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.