புதுப்பேட்டைப் பட்டறையும் அப்பாவோட புல்லட்டும்

அப்பா ஓட்டின 1967 புல்லட்டை புதுப்பேட்டைப் பட்டறை ஒண்ணுலதான் பிரிச்சுக் கட்டினேன். 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துல ரெட்டிச் ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து ஆரம்பிச்ச என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர்ல செஞ்ச வண்டி. 346 சிசி. இன்ஜின் வேலை ஒரு பெரியவர் கையில. பிஸ்டனை கிராங்கோட இணைக்கற தண்டான கனெக்டிங் ராடை மேலயும் கீழயும் ஆட்டிப் பார்த்ததுமே, "ஃப்ளோட்டிங் புஷ் தேஞ்சுபோச்சு தம்பி"ன்னார். அந்த ராடோட கீழ் முனைக்குள்ள சுத்தற உலோக வளையம் அது. அதுக்குப் பதிலா உருளைகள் வெச்ச ரோலர் பேரிங் போட்டுடலாம்னு பலரும் சொல்வாங்க. இவர் அளவெடுத்துப் புது புஷ்ஷே கடைஞ்சு போட்டார். ஆயிலை மட்டும் தவறாம மாத்தணுமாம். கியரை நேரா நியூட்ரலுக்குக் கொண்டுவர்ற லீவரான நியூட்ரல் ஃபைண்டரை மிதிச்சா, இப்போ டக்குனு நியூட்ரல் விழுது. பெயின்ட் சுமார்தான், பெட்ரோல் டேங்க் மேல வர்ற அலங்காரக் கோடுகளை வேற ஆள்கிட்ட போட்டுக்கோங்க. சொன்ன தேதியை நம்பாதீங்க. கூலி நியாயம், பில் கேட்டா மட்டும் முகம் மாறும்.