வண்டியில் எல்ஈடி விளக்கு: ரெசிஸ்டரா, டிரைவரா?

வண்டி பேட்டரியை 12 வோல்ட் என்கிறோம். எஞ்சின் ஓடாதபோது அது சுமார் 12.6 வோல்ட். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது 14.4 வரை போகும். கரண்ட்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரா, கரண்ட்டை ஒரே அளவில் வைக்கும் டிரைவர் சர்க்யூட்டா, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இந்த ஏற்ற இறக்கத்தைப் பொறுத்ததுதான்.

3.2 வோல்ட் வெள்ளை எல்ஈடி மூன்றை வரிசையாக இணைத்தால் 9.6 வோல்ட் அங்கே போய்விடும். மிச்சத்தை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 150 ஓம் போட்டால் 12.6 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியர். கணக்கு சரி. எஞ்சினை ஓட்டினால் அதுவே 32! வோல்ட்டேஜ் ஏறியது ஏழில் ஒரு பங்குதான், கரண்ட் ஒன்றரை மடங்குக்கு மேல். 20 மில்லிஆம்பியர் எல்ஈடி இதில் வெகுநாள் தாங்காது. ஆகவே எப்போதும் 14.4-ஐ வைத்தே கணக்குப் போடுங்கள். 220 ஓம் போட்டால் 22-க்குள் நிற்கும், எஞ்சினை அணைத்ததும் வெளிச்சம் கொஞ்சம் மங்கும். டேஷ்போர்டு, கதவோரச் சின்ன விளக்குகளுக்கு இதுவே தாராளம், செலவும் சொற்பம்.

கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர், வோல்ட்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் கரண்ட்டை மாற்றாது. ஒரு வாட்டும் அதற்கு மேலும் உள்ள எல்ஈடிக்கு என் ஓட்டு இதற்குத்தான். அங்கே ரெசிஸ்டர் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். மலிவான ஸ்விட்சிங் டிரைவர் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகி இயங்கும் வகை) ரேடியோவில் இரைச்சல் கிளப்பலாம், அது ஒன்றுதான் தொல்லை. வண்டி லைனில் திடீரென வரும் ஸ்பைக்கை, அதாவது நொடிப்பொழுது வோல்ட்டேஜ் எகிறுவதை, தாங்கும்படி தயாரித்ததா என்றும் பாருங்கள்.

எதைப் போட்டாலும் ஃபியூஸ் கட்டாயம், பேட்டரிக்குப் பக்கத்திலேயே.