எத்தனை பாக்கி, அங்கிள்?

ஜிம்மில் கோச் வைத்து எடைப் பயிற்சி செய்வது நம் வயதுக்குப் பிரயோசனமா, இல்லை காசுக்குக் கேடா என்று ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வாட்சாப்பில் பதில் அடிக்க ஆரம்பித்தேன், விரல் வலித்ததுதான் மிச்சம். உட்கார்ந்து நிதானமாகவே எழுதிவிடுகிறேன். நிதானம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது வேறு விஷயம். இன்று காலைதான் பயிற்சி முடித்து வந்திருக்கிறேன்.

எனக்கு 58 வயது. சர்க்கரை உண்டு. மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் தினசரி உள்ளே போகின்றன. ஜிம் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டு மாடியில். ஏர்கான் கிடையாது, சுவரில் பெரிய ஃபேன்கள்தான். கோச் பட்டர்வொர்த் பையன், பாலம் தாண்டி வருகிறார். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அங்கிள் என்பார். செவ்வாய், வியாழன் காலை ஏழு மணி. ஒரு மணி நேரத்துக்கு 110 வெள்ளி, அதாவது ரிங்கிட். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

இதற்கு முன்னால் ஒரு மாலில் இருந்த ஜிம்மில் பேக்கேஜ் வாங்கி ஏமாந்த கதை நண்பருக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு புது முகம் வந்து ‘ஹாய் அங்கிள், உங்க கோல் என்ன?’ என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். பாதி வகுப்பு எடுப்பதற்குள் பேக்கேஜின் காலக்கெடு முடிந்துவிட்டது என்றார்கள். அதைப் பேசினால் இந்தக் கட்டுரை அங்கேயே நின்றுவிடும், விடுங்கள்.

இந்தத் தம்பி அப்படி இல்லை. முதல் நாள் எடை தூக்க விடவே இல்லை. டாக்டர் கடிதம் கேட்டார். ரத்த அழுத்தம் பார்த்தார். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் எடுத்தார். பிறகு பிடிவலிமை அளக்கும் கருவியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். தசை தேய்வு பற்றி ஆசிய மருத்துவ நிபுணர்கள் 2019-இல் வகுத்த அளவு ஒன்று இருக்கிறது: ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனாலோ, ஆண்களுக்குப் பிடிவலிமை 28 கிலோவுக்குக் கீழே போனாலோ கவனிக்க வேண்டும். எனக்கு 14 விநாடி, 26 கிலோ. இரண்டிலும் ஃபெயில். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் முப்பது வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். எத்தனையோ பொருளுக்கு ரிஜெக்ட் போட்டிருக்கிறேன், எனக்கே ஒருவர் போட்டது அன்றுதான். ஆனாலும் மனதுக்குப் பிடித்திருந்தது. கருவி, எண், எல்லைக்கோடு எல்லாம் ஒழுங்காக இருந்தன. இது நம்ம ஆள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே அந்தக் கேள்வி வந்தது. ஒரு சுற்று முடித்து மூச்சு வாங்க நிற்கிறேன். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனாவோடு கேட்கிறார்: ‘எத்தனை பாக்கி, அங்கிள்?’

என்ன பாக்கி என்றேன். ‘இன்னும் எத்தனை தடவை தூக்கியிருக்க முடியும்?’

எனக்கு எப்படித் தெரியும்? தூக்காததை எப்படி எண்ணுவது? சும்மா ரெண்டு என்றேன். அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு சுற்றுக்கும் இதே கேள்விதான். ஸ்குவாட் முடிந்தால் எத்தனை பாக்கி. ரோயிங் முடிந்தால் எத்தனை பாக்கி. வாளி மாதிரி இரண்டு கையிலும் எடையைத் தூக்கிக்கொண்டு அறையின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினால், இன்னும் எத்தனை அடி பாக்கி. வீட்டில் சில சமயம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால்கூட அவர் குரல் கேட்கிறது.

இதன் தத்துவம் எனக்குப் புரியாமல் இல்லை. அவர் விளக்கியிருக்கிறார், நானும் படித்துப் பார்த்தேன். நம் வயதில் ஒவ்வொரு சுற்றையும் உயிர் போகும்வரை இழுக்கத் தேவையில்லை. இரண்டோ மூன்றோ மிச்சம் வைத்து நிறுத்தினாலும் பலம் ஏறும். கடைசித் தடவையில்தான் முதுகு வளையும், மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவோம், அழுத்தம் எகிறும். அதுவும் தசை சீக்கிரம் பழகிவிடும், தசைநார் மெதுவாகத்தான் பழகும். அதனால் பலம் வந்துவிட்டது என்று துள்ளும்போதுதான் முழங்கையோ குதிகால் நாரோ மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, நேற்று இரவு தூக்கமில்லை என்றால் போன வாரத்து எடை இன்று வேறு எடையாகிவிடும். நோட்டில் எழுதிய கிலோவைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்குவதைவிட, மிச்சத்தைப் பார்த்து எடையைக் கூட்டிக் குறைப்பது புத்திசாலித்தனம்தான். விரதம் இருந்த நாட்களில் இதை என் உடம்பிலேயே கண்டேன். எல்லாம் சரி.

என் சண்டை வேறு. ஃபேக்டரியில் சரியாக அளக்கிறதா என்று சோதித்ததற்கான காலிபரேஷன் ஸ்டிக்கர் இல்லாத வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுத்தாலே சிவப்பு டேக் மாட்டி ஓரமாக வைத்துவிடுவோம். இங்கே ஸ்டிக்கர் இல்லாத வெர்னியர் நான்தான். அதிலும் அந்த வெர்னியருக்குச் சொந்த ஆசை வேறு இருக்கிறது! மூன்று பாக்கி என்று சொன்னால் அடுத்த சுற்றுக்குத் தட்டுகளைக் கூட்டுவார். பாக்கியே இல்லை என்றால் குறைத்துவிடுவார். பக்கத்தில் நாற்பது வயது ஆள் ஒருவர் என்னைவிடக் குறைவாகத் தூக்கிக்கொண்டிருக்கும்போது எந்த மனிதன் பாக்கி இல்லை என்பான்? தான் செய்த பொருளைத் தானே அளந்து பாஸ் போடும் ஆபரேட்டரை எந்தத் தணிக்கையிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சில வாரத்துக்கு ஒருமுறை ஒரு சோதனை வைத்தார். ஆபத்தில்லாத இயந்திரம் ஒன்றில், உட்கார்ந்து இழுக்கும் ரோயிங்கில், நடுவில் நிறுத்தி ‘எத்தனை பாக்கி’ என்று கேட்பார். சொன்ன பிறகு முடியாமல் போகும்வரை இழுக்க வேண்டும். நான் மூன்று என்றேன். ஏழு வந்தது. அவர் சிரித்துக்கொண்டே மூன்று, ஏழு என்று வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதி வைத்தார். அடுத்து வந்த எல்லோரும் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான், இருப்பதைவிடக் குறைத்தே சொல்வார்கள், ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன என்றார். அதைத்தானே தம்பி நானும் இத்தனை நாளாகச் சொல்கிறேன், இந்தக் கருவி சரியில்லை என்று! அவருக்கு அந்தப் பலகை அவர் கட்சிக்கு ஆதாரம், எனக்கு என் கட்சிக்கு. இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

சரி, நியாயமாகப் பேசுவோம். பிடிவலிமை இப்போது 35 கிலோ. ஐந்து முறை எழுந்து உட்கார எட்டு விநாடி. அறுகோண பாருக்கு உள்ளே நின்று 95 கிலோ தூக்குகிறேன்; ஆரம்பத்தில் 20 கிலோ பாரை மட்டும் தூக்கவே பயந்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 8.1 விழுக்காட்டில் இருந்து 6.9-க்கு இறங்கியது. இடையில் மருந்தையும் மாற்றினார்கள், அதனால் முழுப் பெருமையையும் ஜிம்முக்குக் கொடுக்க மாட்டேன். கிளிக்லசைடு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெறும் வயிற்றில் போய் எடை தூக்கினால் சர்க்கரை விழுந்துவிடக்கூடும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். தம்பி என் பையில் வாழைப்பழம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தொடங்குவார். இடது தோள் இறுகிப்போயிருக்கிறது, சர்க்கரைக்காரர்களுக்கு அது அடிக்கடி வரும். அதனால் தலைக்கு மேல் நேராகத் தூக்கும் எதையும் கொடுக்காமல், பாரின் ஒரு முனையைத் தரையில் ஊன்றிச் சாய்வாகத் தள்ளும் பயிற்சியாக மாற்றினார். இந்தக் கவனிப்பு மாலில் கிடைக்காது.

மலேசியாவின் 2023 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை என்று வந்தது. நம் கல்யாண மண்டபங்களில் பந்தியைப் பார்த்தால் அது மிகக் குறைவு என்றே தோன்றும். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. நம்மவர்கள் இளைஞர் பூங்காவில் காலை நடை போய்விட்டு நேராக ரொட்டி சானாய்க்கு உட்கார்ந்துவிடுகிறோம். நடை நல்லதுதான். நடந்தால் மட்டும் கேஸ் தோங்கை, அதாவது சிலிண்டரைத் தூக்க முடியாது.

கேஸ் தோங் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் கிடையாது, மூன்றாவது மாடி. தோங் கொண்டுவரும் பையன் ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டது என்று கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் தூக்கிக்கொண்டு ஏறினேன். 14 கிலோ என்பது எரிவாயு மட்டும்தான், இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ‘யாரு தூக்கிட்டு வந்தா?’ என்று என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

ஆனால் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஏறுவதில் இல்லை, இறங்குவதில். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்று நின்று போகலாம், கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும், முருகன் பெயர் வேறு துணை. இறங்கும்போதுதான் நம் வயதுக்காரர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குகிறோம். தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டிய வேலை அது, பழகாத தசையை அதிகம் வலிக்க வைப்பதும் அதுதான். தரிசனத்துக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் கழிப்பறையில் உட்கார முடியாமல் திண்டாடுவது இதனால்தான்.

தம்பி இதற்கென்றே ஒரு பெட்டியை வைத்து ஒரு காலில் நின்று மறு குதிகாலை மூன்று விநாடி எண்ணித் தரையில் வைக்கச் சொன்னார். முதலில் பெட்டி ஒரு செங்கல் உயரம்தான், அதிலேயே தொப்பென்று விழுந்தேன். இப்போது முழுப்படி உயரத்தில், கையில் எடையோடு இறங்குகிறேன். போன தைப்பூசத்தில் பால்குடம் எடுத்து அபிஷேகம் முடித்துவிட்டு, வெறுங்கையோடு, கைப்பிடியைத் தொடாமல் நேராக இறங்கினேன். என் மச்சான் என்னைவிட ஐந்து வயது இளையவன். பாதி வழியில் ‘அத்தான், கொஞ்சம் நில்லுங்க’ என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்கு மாதம் 880 வெள்ளி கொடுக்கலாம். கீழே வந்து தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே அவனுக்காகக் காத்திருந்தேன்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று கணக்குக் கொடுத்தார். அரைவேக்காட்டு முட்டை, டெம்பே என்ற புளித்த சோயா, மீன், சர்க்கரை போடாத கோப்பி ஓ கோசோங். அவ்வளவுதான். கிரியாட்டின் வாங்கச் சொன்னார், இன்னும் வாங்கவில்லை.

இன்று காலைக்கு வருவோம். 95 கிலோ, ஐந்து தடவை. வைத்தேன். வியர்வை கண்ணில் இறங்குகிறது.

‘எத்தனை பாக்கி, அங்கிள்?’

‘ரெண்டு.’

‘முகம் ரெண்டு மாதிரி இல்லையே.’

‘ரெண்டு லா, தம்பி.’

போனை எடுத்து வீடியோவைக் காட்டுகிறார். முதல் தடவையும் கடைசித் தடவையும் ஒரே வேகம் பாருங்கள், கடைசியில் பார் மெதுவாகவே இல்லை, குறைந்தது நாலு பாக்கி இருக்கும் என்கிறார். வீடியோவில் வேகம் தெரிகிறது என்றால் என்னிடம் எதற்குக் கேட்க வேண்டும்? வேகத்தையே எழுதிக்கொள்ள வேண்டியதுதானே? கேட்டேன். ‘வீடியோ உங்க கூட மலைக்கு வராது அங்கிள், நீங்களே கண்டுபிடிக்கப் பழகணும்’ என்றார். பதில் நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

ஆகவே நண்பரே, உங்கள் கேள்விக்கு: சேருங்கள், இவரிடமே சேருங்கள். பினாங்கில் நம் வயதுக்காரரின் முழங்காலை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கும் ஆளை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப் பணத்தில் கைவைத்துத்தான் கட்டுகிறேன், அதற்கு வருத்தமில்லை. நான் மட்டும் இந்த பேக்கேஜ் முடிந்ததும் நிறுத்திக்கொள்கிறேன். இன்னொரு வருடம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது. செவ்வாய், வியாழன் ஏழு மணி காலியாகும், என் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் தைப்பூசம் முடிந்த பிறகுதான். அதற்கு முன்னால் கேட்டால் தர மாட்டேன்.